பால் கணக்குச் செயலி: ப்ளே ஸ்டோர் வழியாகச் சந்தாவா, நேரடி வசூலா?

ஈரோட்டு நிரலாளர்:

வணக்கம். வீடு வீடாகப் பால் ஊற்றுபவர்களும் பாக்கெட் பால் போடுபவர்களும் மாதக் கணக்கு வைத்துக்கொள்வதற்காக ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். எந்த வீட்டுக்கு எவ்வளவு, எந்த நாள் வேண்டாமென்றார்கள், விருந்தாளி வந்ததால் எந்த நாள் அரை லிட்டர் கூடுதலாக வாங்கினார்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, மாதக் கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்குச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதே அதன் வேலை. எங்கள் பகுதியில் சிலர் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, மாதம் 99 ரூபாய் என்றால் தாராளமாகத் தரலாம் என்கிறார்கள்.

ப்ளே ஸ்டோரின் கட்டண முறையில் சந்தா வைத்தால் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் கூகுளுக்குப் போய்விடுகிறது. யூபிஐ வழியாக நேரே என் வங்கிக் கணக்கில் வாங்கினால் பிடித்தமே இல்லை. செயலியின் ஏபிகே கோப்பை (கடை இல்லாமல் நேரடியாக நிறுவும் கோப்பு) வலைத்தளத்தில் வைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். பால்காரர்களோ “எதுக்குங்க ஸ்டோரு, வாட்ஸ்அப்புல அனுப்பிவிடுங்க” என்கிறார்கள். இதில் எது நல்லது? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். நான் கோவையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் பணிபுரிகிறேன். செயலியை என் பெயரில் வெளியிடுவதால் வேலைக்குச் சிக்கல் வருமா?

வரவுசெலவு:

முதலில் தொகையைப் பார்த்துவிடுவோம். 99 ரூபாய்க்கு 15 விழுக்காடு என்பது 14 ரூபாய் 85 காசு. எல்லோரும் திட்டித் தீர்க்கும் 30 விழுக்காடு, 2008-ல் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது வைத்த விகிதம். கூகுளும் அதையே பின்பற்றியது. ஆனால் 2021 ஜூலையிலிருந்து ஓராண்டில் ஈட்டும் முதல் 10 லட்சம் டாலருக்கு கூகுள் 15 விழுக்காடுதான் எடுக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து சந்தாக்களுக்கு முதல் நாளிலிருந்தே 15 விழுக்காடு. ஆகவே 30 என்ற எண் உங்களைத் தொடப்போவதில்லை.

இந்தியாவில் கூகுள் மூன்று வழிகளை அனுமதிக்கிறது. ப்ளே கட்டண முறையை மட்டும் பயன்படுத்துவது ஒன்று. அதன் பக்கத்திலேயே உங்கள் கட்டண முறையையும் வைத்து, வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும்படி விடுவது இரண்டாவது. இதில் விகிதம் 4 புள்ளி குறைந்து 11 ஆகிறது. செயலிக்குள் எதையும் விற்காமல், வெளியே பணம் கட்டியவர் உள்நுழைந்து பயன்படுத்துவதற்கு மட்டும் செயலியை வைத்திருப்பது மூன்றாவது. இதற்குத் தரகு கிடையாது.

பலர் இரண்டாவது வழியைப் பெரிய வெற்றியாகப் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 விழுக்காடு 10 ரூபாய் 89 காசு. பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணத்தை வசூலித்துத் தரும் சேவை) 2 விழுக்காடும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் எடுத்தால் இன்னொரு 2 ரூபாய் 34 காசு. ஆக மொத்தம் 13 ரூபாய் 23 காசு போகிறது. ப்ளே கட்டண முறையோடு ஒப்பிட்டால் நீங்கள் மிச்சம் பிடிப்பது சந்தா ஒன்றுக்கு 1 ரூபாய் 62 காசு. இதற்காக இரண்டு கட்டண முறைகளைச் செயலியில் இணைத்து, இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்து, வெளியே வசூலான தொகையை மாதந்தோறும் கூகுளுக்குத் தெரிவித்துக்கொண்டிருக்க வேண்டும். தனி ஆளுக்கு இது கட்டுப்படியாகாது.

தரகுச் சண்டை பெரிய நிறுவனங்களுடையது என்றே நான் கருதுகிறேன். ப்ளே ஸ்டோரின் கட்டண விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. சென்னையிலிருந்து இயங்கும் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் உள்ளிட்ட பலர் தொடுத்த வழக்குகளை 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து நீக்கியது. ஒன்றிய அரசு தலையிட்ட பிறகே சில நாளில் அவை திரும்பின. அவர்களுக்கு அமைச்சர் பேசினார். நமக்கு யார் பேசுவார்கள்? மாதம் 15 ரூபாயைக் கொடுத்துவிட்டுத் தொழிலைப் பாருங்கள் என்பதே என் கருத்து.

வலைநெசவாளர்:

வரவுசெலவு அவர்களின் கணக்கில் பிழையில்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. 15 ரூபாய் போவதைவிட, வாடிக்கையாளர் யாருடையவர் என்பதே பெரிய கேள்வி என்று நினைக்கிறேன்.

ப்ளே வழியாக ஒருவர் சந்தா கட்டினால், அவருடைய கைபேசி எண் உங்களுக்குத் தரப்படுவதில்லை. கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்பதில் கூகுளும் முடிவெடுக்கிறது. ஆனால் “பணம் எடுத்துட்டாங்க, செயலி திறக்கலை” என்று விடிகாலை ஐந்து மணிக்கு அழைப்பு வருவது உங்களுக்குத்தான். நாளைக்கே ஏதோ ஒரு விதியைக் காட்டி உங்கள் கணக்கு முடக்கப்பட்டால், உங்கள் சந்தாதாரர்கள் யார் யார் என்ற பட்டியல்கூடக் கையில் இருக்காது. எனக்குத் தெரிந்த சிறு குழு ஒன்றின் செயலியை ஒரு பெரிய செயலிக் கடை அப்படித்தான் நீக்கியது. மேல்முறையீட்டுக்கு வந்த பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எந்தத் திரையில் எந்த விதி மீறப்பட்டது என்று கடைசி வரை ஒருவரும் சொல்லவில்லை. செயலி பிறகு திரும்பிவிட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வாடிக்கையாளர்களிடம் “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்வதற்குக்கூட அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

ஆகவே மூன்றாவது வழியை நான் சொல்வேன். செயலி ப்ளே ஸ்டோரிலேயே இருக்கட்டும், இலவசமாகவே இறங்கட்டும். கைபேசி எண்ணைக் கொண்டு உள்நுழையும் கணக்கு உங்கள் சர்வரில் இருக்கட்டும். சந்தாவை உங்கள் வலைத்தளத்தில் யூபிஐ வழியாக வாங்குங்கள். செயலிக்குள் விலையும் இருக்கக் கூடாது, ‘இங்கே கட்டுங்கள்’ என்ற பொத்தானும் இருக்கக் கூடாது. சந்தா முடிந்தால் முடிந்தது என்று மட்டும் சொல்லுங்கள். இது குறுக்கு வழி அன்று. நெட்ஃப்ளிக்ஸ் 2018-ன் இறுதியிலிருந்தே ஐபோன் செயலிக்குள் புதியவர்களுக்குச் சந்தா விற்பதை நிறுத்திவிட்டது.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. கடையில் தேடி வரும் முன்பின் அறியாத ஒருவர் செயலியை இறக்குவார், பணம் கட்டும் இடம் தெரியாமல் நீக்கிவிட்டுப் போவார். திரைப்படம் காட்டும் செயலிக்கு அது பெரிய இழப்பு. உங்கள் செயலி அப்படிப் பரவப்போவதில்லை. ஒரு பால்காரர் இன்னொரு பால்காரருக்குச் சொல்லி, அல்லது பால் முகவர் தன்னிடம் பாக்கெட் எடுப்பவர்களுக்குச் சொல்லித்தான் பரவும். அப்படி வருபவர் உங்களை அழைத்துவிட்டே பணம் கட்டுவார்.

உலாவியிலேயே திறக்கும் வலைச்செயலியாகவே கொடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். நானே அந்தக் கட்சிதான். இணையம் இல்லாதபோதும் இயங்குமாறு, உலாவியின் உள்ளகத் தரவுத்தளத்தில் பதிவுகளைச் சேமித்து வைத்துப் பின்னால் அனுப்பும்படி எழுத முடியும். ஆனால் சேமிப்பிடம் நிறைந்துவிட்ட மலிவு விலைக் கைபேசியில், உரிமையாளரின் மகன் ‘குப்பையை நீக்கு’ என்று உலாவியின் தரவுகளைத் துடைத்துவிட்டால், இன்னும் சர்வருக்கு வந்து சேராத பதிவுகள் அதோடு போய்விடும். பால் கணக்கில் ஒரு நாள் விடுபட்டால் மாதக் கடைசியில் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே இந்த ஒரு பயன்பாட்டுக்கு ஆண்ட்ராய்டுச் செயலியே சரி.

கதவுகாவல்:

சந்தா எங்கே என்பதில் எனக்குக் கருத்தில்லை. ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள்.

திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சீட்டு, வங்கியின் கேஒய்சி என்ற பெயர்களில் வாட்ஸ்அப் வழியாக ஏபிகே அனுப்பி, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை வாங்கி, ஓடிபியைத் திருடி, கணக்கில் இருப்பதைத் துடைத்தெடுப்பது நம் நாட்டில் அன்றாடக் குற்றமாகிவிட்டது. இப்போது நீங்கள் ஒரு பால்காரரிடம் கோப்பை அனுப்பி, ‘தெரியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதி’ என்ற இடத்தைக் காட்டி, எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தீர்களானால், அவர் அந்தப் பாடத்தை உங்கள் செயலியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். அடுத்து வரும் அழைப்பிதழையும் அதே கையால் நிறுவுவார். மாதம் முழுக்கச் சேர்த்த வசூல் கிடக்கும் கணக்கு அது.

தொழில்நுட்ப வகையிலும் அந்தக் கதவு மெல்லச் சாத்தப்பட்டு வருகிறது. குறுஞ்செய்தி, அறிவிப்புகள், அணுகல் வசதி ஆகியவற்றுக்கான அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளை, ஆண்ட்ராய்டில் உள்ள கூகுளின் பாதுகாப்பு வசதியான ப்ளே ப்ரொடெக்ட் தானாகவே தடுக்கும் திட்டத்தைக் கூகுள் 2024 அக்டோபரில் இந்தியாவில் சோதனை முறையில் அறிவித்தது. கடைக்கு வெளியே செயலியைப் பரப்புபவர்களும் தங்கள் அடையாளத்தை முன்பே பதிவுசெய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கிப் பிறகு மற்ற நாடுகளுக்கு வரும் என்பது திட்டம். எஃப்-டிராய்ட் போன்ற கட்டற்ற மென்பொருள் களஞ்சியங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன, அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். நான் வாங்கிய கைபேசியில் நான் எதை நிறுவலாம் என்பதற்கு ஒரு நிறுவனத்திடம் முத்திரை வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமைக்காகப் பேச வேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள். பால்காரரின் கைபேசியை அதற்குக் களமாக்க வேண்டாம்.

போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். அங்கே வேறு பேமென்ட் கேட்வே பயன்படுத்தினால் தரகு இல்லை, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கடையைப் பார்க்கலாம். கூடுதலாக அங்கும் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அதை மட்டும் நம்பினால், அந்தக் கடை இல்லாத கைபேசியில் முதலில் கடையை நிறுவச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். மறுபடியும் அதே ‘தெரியாத மூலம்’ பாடம்தான்.

முன்னாள் மேலாளர்:

வேலை பற்றிய கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. சேவை நிறுவனங்களில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் பணி ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளைத் தேடிப் படியுங்கள். வேறு எந்த வேலையோ தொழிலோ செய்யக் கூடாது என்பது ஒன்று; பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். இரண்டாவதுதான் உங்களுக்கு ஆபத்தானது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணியின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதல் உரிமையாளர் முதலாளிதான். பால் கணக்குச் செயலி உங்கள் பணியின் பகுதியாகாது என்பது வெளிப்படை. ஆனால் சில ஒப்பந்தங்கள் சட்டத்தையும் தாண்டி, ‘பணி நேரத்திலோ பிற நேரத்திலோ’ என்று வலையை அகல விரித்து வைத்திருக்கும். செயலி சம்பாதிக்காத வரை அந்த வரியை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். சம்பாதிக்கத் தொடங்கினால், நீங்கள் வேலையை விட்டுப் போகும் நாளில் எடுத்துப் பார்ப்பார்கள்.

2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக அறிவித்ததை வைத்து எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள். அங்கே குற்றச்சாட்டு போட்டியாளருக்கு வேலை செய்தது. உங்கள் நிலை வேறு. அதற்கடுத்த மாதமே இன்ஃபோசிஸ், முன் அனுமதி பெற்று, போட்டியில்லாத வெளிவேலைகளைச் செய்யலாம் என்று தன் ஊழியர்களுக்குத் தெரிவித்தது. ஆகவே கேட்டால் கிடைக்கும் இடங்களும் உள்ளன. மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் ‘ஸ்டார்ட்அப்’, ‘வணிகம்’ போன்ற பெரிய சொற்கள் வேண்டாம். என்ன செயலி, யாருக்கானது, எந்த நேரத்தில் செய்கிறீர்கள், நிறுவனத்தின் கருவி எதையும் பயன்படுத்தவில்லை என்ற நான்கு செய்திகள் போதும். கடைசிச் செய்தி உண்மையாகவும் இருக்க வேண்டும்: அலுவலக மடிக்கணினி, அலுவலக மின்னஞ்சல், அலுவலகம் பணம் கட்டும் நிரல் எழுத உதவும் ஏஐ கருவி, இவற்றில் எதையும் இந்தச் செயலிக்காகத் தொட்டிருக்கக் கூடாது. இப்போது பலர் மாட்டிக்கொள்வது அந்த மூன்றாவதில்தான்.

மனைவி பெயரில் கணக்கு தொடங்கச் சொல்லி யாராவது அறிவுரை தருவார்கள். வேண்டாம். ப்ளே கணக்குக்கு அடையாள ஆவணம் கொடுக்க வேண்டும். தனிநபர் கணக்கின் சட்டப்பூர்வப் பெயர் கடைப் பக்கத்தில் தெரியும், ப்ளே வழியாகப் பணம் ஈட்டினால் முழு முகவரியும் தெரியும். நிரல் எழுதியது நீங்கள், பெயர் அவருடையது, வாடிக்கையாளர் அழைப்பது உங்களை என்றால், மறைப்பதற்காகச் செய்ததாகவே படிக்கப்படும். வீட்டு முகவரி ஊருக்கெல்லாம் தெரிவதை விரும்பாவிட்டால், வலைநெசவாளர் சொன்ன மூன்றாவது வழிக்கு அதுவும் ஒரு காரணம். செயலிக்குள் எதையும் விற்காவிட்டால் பெயரும் நாடும் மின்னஞ்சல் முகவரியும்தான் வெளியே தெரியும்.

ஈரோட்டு நிரலாளர்:

அனைவருக்கும் நன்றி. ஏபிகே யோசனையைக் கைவிட்டேன். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ‘பிற நேரத்திலோ’ என்ற வரி அதில் இருக்கிறது, ஆகவே அனுமதி கேட்டு எழுதப்போகிறேன், பதில் வரும் வரை காசு வாங்கப்போவதில்லை. இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். புதிய தனிநபர் கணக்குக்கு 12 சோதனையாளர்கள் 14 நாள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்கிறார்களே. டெலிகிராம் குழுக்களில் ஒருவர் செயலியை இன்னொருவர் சோதித்துக்கொள்கிறார்கள், அதில் சேரலாமா? சந்தாவை எந்தத் தேதியில் வசூலிப்பது?

வலைநெசவாளர்:

டெலிகிராம் குழுவில் வருபவர் உங்கள் செயலியை ஒரு முறை திறந்துவிட்டு மறந்துவிடுவார். சோதனை முடிந்ததும் கிடைத்த கருத்துகள் என்னென்ன, அவற்றால் எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கும்போது எழுத ஒன்றும் இருக்காது. உங்களிடம்தான் உண்மையான பால்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களையே சேருங்கள். அவர்கள் கைபேசியில் எந்த ஜிமெயில் முகவரி உள்ளது என்பது அவர்களில் பலருக்கே தெரியாது. பெரும்பாலும் கைபேசி விற்ற கடைக்காரர் உருவாக்கித் தந்ததாக இருக்கும். ஆகவே நேரில் போய் அமைப்புகளைத் திறந்து நீங்களே குறித்துக்கொண்டு வாருங்கள். ஒருவர் இடையில் விலகினாலும் எண்ணிக்கை 12-க்குக் குறையாதபடி கூடுதலாகச் சிலரைச் சேர்த்துவிடுங்கள்.

வரவுசெலவு:

தேதிக்கு நான் சொல்கிறேன். இந்த ஒரு இடத்தில் வலைநெசவாளரின் வழி என் வழியைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ப்ளே சந்தா, சேர்ந்த தேதியை வைத்தே மாதந்தோறும் புதுப்பிக்கப்படும். பால்காரரின் கையில் பணம் இருப்பதோ வீடுகளில் சம்பளம் வந்து அவர் வசூல் முடித்த பிறகுதான். 28-ஆம் தேதி சேர்ந்தவரின் கணக்கில் ஒவ்வொரு மாதமும் காசில்லாத நாளிலேயே பற்று வைக்க முயன்று தோற்கும். யூபிஐ ஆட்டோபே (மாதந்தோறும் தானாகப் பற்று வைக்கும் ஏற்பாடு) வைத்தால் தேதியை நீங்களே 10 அல்லது 12 என்று நிறுத்திக்கொள்ளலாம். பற்று வைப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, எனவே அவருக்கும் தகவல் இருக்கும். ஆனால் ஆட்டோபேக்கு கேட்வேகள் தனியாகக் கட்டணம் வாங்குவதுண்டு, விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டோபே என்றாலே பயப்படுபவர்களுக்கு ஆண்டுச் சந்தா 990 ரூபாய் என்று வைத்து, ஒரே முறை க்யூஆர் குறியீட்டில் கட்டச் சொல்லுங்கள். பொங்கல், தீபாவளிக்கு வீடுகளில் கொடுக்கும் இனாம் கையில் இருக்கும் வாரத்தில் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.